குழம்பில் கலக்காதீர்கள்

"அவருக்குத் தெரியாம குழம்புல கலந்துடட்டுமா?" பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் மீனவர் வீட்டுப் பெண்கள், கணவரின் குடியை நிறுத்தும் மாத்திரைக்குச் சீட்டு வாங்கியதும் கேட்கும் கேள்வி இது. கூடவே கூடாது.

அவர்கள் கையில் இருப்பது டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால், சாராயம் அசிட்டால்டிஹைடாக மாறி அங்கேயே தேங்கிவிடும். சற்று நேரத்தில் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளியின் உயிரே போகலாம். மாத்திரை போட்டது தெரிந்தவர் பாட்டிலைத் தொட யோசிப்பார். தெரியாதவர், 'என்னவோ செய்யுதே' என்று இன்னொரு கட்டிங் ஊற்றிக்கொள்வார். அதுவும் நடுக்கடலில் என்றால் கரை சேரவே மணிக்கணக்காகும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகுதான், அவர் சம்மதத்தோடு, இதைத் தொடங்க வேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இதன் வேலை உடம்பில் இருக்கும். அரிஷ்டத்திலும் சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு, மறக்க வேண்டாம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நால்ட்ரெக்சோன் தோதானது என்பது எங்கள் எண்ணம். தினம் 50 மில்லிகிராம், ஒரே மாத்திரை. இது குடித்தால் தண்டிக்காது. போதையின் சுகத்தையும் குடிக்கும் ஆசையையும் குறைக்கும். காலையில் கிளம்பி மறுநாள் காலை திரும்பும் விசைப்படகு என்றால், சாப்பிட்டதும் வீட்டுக்காரம்மா எதிரில் விழுங்கிவிட்டுப் புறப்படலாம். முதல் வாரம் குமட்டும். ஈரல் பரிசோதனை தேவை. இன்னொன்று: டிரமடால் போன்ற வலி மருந்துகளை இது வேலை செய்யவிடாது. எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரை பெயரை எழுதிப் பர்சில் வைத்திருங்கள்.

குடிக்கும் ஆசையைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான அகாம்ப்ரோசேட் ஈரல் கெட்டவருக்கும் ஆகும், சிறுநீரகம் நன்றாக இருந்தால். ஆனால் நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு. படகில் மதிய வேளை தப்பிவிடும்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு மனக்குழப்பம் வரலாம். அதற்கு மருத்துவமனையில் சிகிச்சையும் வைட்டமின் பி1 ஊசியும் முதலில். இந்த மாத்திரைகள் அப்புறம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் தொடங்க நல்ல நேரம். ஆள் கரையில் இருப்பார். ஆனால் படகு மறுபடி கடலில் இறங்கியதும், 'இப்பத்தான் குடிக்கலையே' என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பங்குக் காசு கையில் விழும் அந்த வாரங்களில்தான் அது அவசியம். ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாரா? நால்ட்ரெக்சோனை நிறுத்தாதீர்கள், மறுநாளும் கொடுங்கள். டைசல்ஃபிராம் என்றால் மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.