நானூறு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு கொம்பை அளப்பது எப்படி?

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் புதர்வெளிகளில், விடிவதற்கு முன்பே வண்டியை ஒரு மேட்டோரம் நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். கையில் ஆயுதம் இருக்காது. வேட்டைப் பருவம் இன்னும் தொடங்கவில்லை. பிராங்ஹார்ன் என்ற விலங்கின் கிடாக்கள் எங்கே மேய்கின்றன, எதன் கொம்பு எவ்வளவு பெரியது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. சாதாரணக் கிடாவுக்கும் அபூர்வமான கிடாவுக்கும் கொம்பு நீளத்தில் இருக்கும் வித்தியாசம் பல நேரம் இரண்டு மூன்று அங்குலம்தான். அதை நானூறு மீட்டருக்கு அப்பாலிருந்து, கண்ணாடி வழியாகப் பார்த்தே சொல்ல வேண்டும்.

தேர்ந்தவர்கள் இதைச் சரியாகச் சொல்கிறார்கள். எப்படி என்று புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கொம்பு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம்.

பிராங்ஹார்னை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் ஆண்டிலோப் (நம் வெளிமான் போன்ற விலங்குகளுக்கான பெயர்) என்று சொன்னாலும், அது ஆண்டிலோப் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. மான் குடும்பமும் அல்ல. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் பல இனங்களாகப் பரவியிருந்த ஒரு குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே இனம் இது. இன்று உயிரோடு இருப்பவற்றில் இதற்கு மிக நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒகாப்பியும்தான்.

நமக்குப் பழக்கமான இரண்டு விலங்குகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். நம் ஊர்ப் புள்ளிமானின் கொம்பு முழுக்க எலும்பு. கிளை விடும், விழும், திரும்ப முளைக்கும். கோடியக்கரையில் திரியும் வெளிமானின் கொம்பு அப்படியல்ல. உள்ளே எலும்பு, மேலே கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் பொருள்) உறை. கிளை கிடையாது, வாழ்நாள் முழுக்க விழுவதும் கிடையாது. பிராங்ஹார்ன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெளிமானைப் போல எலும்பின் மேல் கெரட்டின் உறை. ஆனால் அந்த உறை புள்ளிமானின் கொம்பைப் போலக் கிளை விடுகிறது, ஆண்டுதோறும் கழன்றும் விழுகிறது. இப்படி ஒரு கொம்பு உலகில் வேறெந்த விலங்குக்கும் இல்லை.

உள்ளே இருக்கும் எலும்பு, கண்குழிக்கு நேர் மேலே எழும் ஒரு தட்டையான கத்தி. அதன்மேல் ஏறியிருப்பது உறை. எலும்பில் கிளை கிடையாது என்பதைக் கவனியுங்கள். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கிளை முழுக்க முழுக்க உறையிலேயே உருவாவது. இணைசேரும் பருவம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும். அது முடிந்த பிறகு, பெரும்பாலும் நவம்பரை ஒட்டி, பழைய உறை கழன்று விழும். அதற்குள் அடியில் புதிய உறை வளரத் தொடங்கியிருக்கும். எலும்பின் நுனியில் ஆரம்பித்து மேலும் கீழுமாக அது வளர்ந்து, கோடையின் நடுவில் முழுமையாகும்.

இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. அமெரிக்க மான்கள் வசந்தத்திலும் கோடையிலும், தீனி மிகுந்திருக்கும் நாட்களில் கொம்பு வளர்க்கின்றன. பிராங்ஹார்னோ கொம்பு வளர்ப்பில் பெரும்பகுதியை, பனி மூடி சேஜ்பிரஷ் புதரைத் தவிர வேறெதுவும் அதிகம் கிடைக்காத குளிர்காலத்தில் செய்கிறது. குளிர் கடுமையாக இருந்தால் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவே சத்து போதாது, கொம்புக்கு மிஞ்சாது. குளிர் இதமாகவும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஈரம் நன்றாகவும் இருந்தால் கொம்பு பருக்கும். ஆகஸ்டில் ஒரு கிடாவின் தலையில் நாம் பார்ப்பது கடந்த ஒரே ஒரு குளிர்காலத்தின் கணக்கு. போன வருஷம் பிரமாதமாக இருந்த அதே கிடா இந்த வருஷம் சாதாரணமாகத் தெரியலாம். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிராங்ஹார்ன்கள் அதிகம் வாழ்வது வயோமிங்கில். ஆனால் சாதனைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் கொம்பு, 2013-இல் தெற்கே நியூ மெக்சிகோ மாநிலத்தின் சொக்கோரோ மாவட்டத்தில் கிடைத்தது. அரிசோனாவும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர். தெற்கே குளிர் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது என்பதை இதற்கு ஒரு முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன்.

பெரிய கொம்பு இருந்தால் வயதான கிடா என்று நினைப்பது இயல்பு. இங்கே அது பொருந்தாது. இரண்டு மூன்று வயதுக்குள்ளேயே கொம்பு ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். அதற்குப் பிறகு கொம்பைப் பார்த்து வயது சொல்ல முடியாது. வயது தெரிய வேண்டுமென்றால் பல்லைத்தான் பார்க்க வேண்டும், அதைத் தூரத்திலிருந்து செய்ய வழியில்லை.

சரி, அளவுக்கு வருவோம். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வகுத்த அளவுமுறையைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு கொம்பிலும் மொத்த நீளம், கிளையின் நீளம், நான்கு இடங்களில் சுற்றளவு ஆகியவற்றை அளப்பார்கள். முதல் சுற்றளவு அடியில். மற்ற மூன்றும் கொம்பை நான்காகப் பிரித்தால் வரும் கால், அரை, முக்கால் உயரங்களில். இரண்டு கொம்புக்கும் சேர்த்துக் கூட்டி, இடது வலது வித்தியாசங்களைக் கழித்தால் கிடைப்பது மதிப்பெண். எல்லாமே அங்குலத்தில், எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாக. எல்லாக் காலத்துக்குமான சாதனைப் புத்தகத்தில் இடம்பெற 82 வேண்டும். மேலே சொன்ன நியூ மெக்சிகோ கொம்பு பெற்றது 96.5.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 15.5, கிளை 5.5, சுற்றளவுகள் முறையே 6.75, 6.5, 4, 2.75 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் ஒரு கொம்புக்கு 41. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் 82. இதில் நீளத்தின் பங்கு 31, கிளையின் பங்கு 11, சுற்றளவின் பங்கு 40. ஏறக்குறைய பாதி மதிப்பெண் பருமனிலிருந்தே வருகிறது! இன்னொரு கிடாவுக்கு நீளம் 17 இருக்கிறது, ஆனால் கொம்பு ஒல்லி: கிளை 4, சுற்றளவுகள் 5.75, 5.25, 3.25, 2.25. மொத்தம் 75தான் தேறும். ஒவ்வொரு கொம்பும் ஒன்றரை அங்குலம் உயரமாக இருந்தும் 7 மதிப்பெண் குறைவு.

நம் கண்ணோ முதலில் உயரத்தைத்தான் பார்க்கிறது. பழக்கமில்லாதவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது அளவுகோல் அந்த விலங்கின் முகத்திலேயே இருக்கிறது. காது சுமார் 6 அங்குல நீளம். கண்ணின் குறுக்களவு சுமார் 2 அங்குலம். இந்த உடம்புக்கு அது மிகப் பெரிய கண். காதைப் போல இரண்டு மடங்கு உயரம் என்றால் கொம்பு 12 அங்குலத்துக்கு அருகில் இருக்கிறது. இரண்டரை மடங்கை நெருங்கினால் நின்று பார்க்க வேண்டிய கிடா. பருமனுக்குப் பக்கவாட்டுத் தோற்றம்தான் உதவும். கொம்பு தட்டையானது என்பதால் முன்னாலிருந்து பார்த்தால் மெலிந்தே தெரியும். பக்கவாட்டில் அடிப்பகுதி கண்ணைவிடத் தெளிவாக அகலமாக இருந்தால் நல்ல பருமன். அந்த அகலம் எவ்வளவு உயரம் வரை குறையாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிளை எங்கே புறப்படுகிறது என்பது. மூன்றாவது சுற்றளவு பாதி உயரத்தில் எடுக்கப்படுகிறது, இல்லையா? கிளை அதற்குக் கீழே பிரிந்துவிட்டால் அந்த அளவு மெலிந்த மேல்பகுதியில் விழும். பாதிக்கு மேலே பிரிந்தால் தடித்த கீழ்ப்பகுதியிலேயே விழும். கிளை காது நுனிக்கு மேலே தொடங்குகிறதா என்று அனுபவசாலிகள் பார்ப்பது இதற்காகத்தான். கிளையின் நீளத்தையும் கொம்பின் பின்பக்கத்திலிருந்து சுற்றி அளப்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போல் தெரிவதைவிட உண்மையான அளவு கூடுதலாகவே வரும்.

கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் நிறைய உண்டு. இரண்டு கொம்பும் அகன்று விரிந்திருந்தால் பிரமாண்டமாகத் தெரியும். அந்த விரிவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. நுனி உள்ளே வளைந்தோ பின்னால் சுருண்டோ இருந்தால் கொம்பு குட்டையாகத் தெரியும். ஆனால் நீளத்தை வளைவோடு சேர்த்தே அளப்பதால் இரண்டு மூன்று அங்குலம் அங்கே ஒளிந்திருக்கும். வெளிறிய வானத்தின் எதிரில் கறுத்த கொம்பு நீண்டு தெரியும், புதரின் பின்னணியில் சுருங்கிவிடும். வெயில் ஏறிவிட்டாலோ கானல் அலை எழுந்து எல்லாமே நெளியும். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் பார்த்தது மட்டுமே கணக்கு என்று கறாராக இருப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஒரே கிடாவை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்க்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவது அவசரம்.

அப்புறம், பார்ப்பது கிடாதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்கும் சிறிய கொம்பு வரலாம், பெரும்பாலும் காது உயரத்தைத் தாண்டாது. கிடாவின் கன்னத்தில் காதுக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், பெண்ணுக்கு அது கிடையாது.

கறுப்புத் திட்டு வெறும் நிறமல்ல, வாசனைச் சுரப்பி இருக்கும் இடம். கிடா அதைப் புதர்களில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கிறது. நல்ல மேய்ச்சல் உள்ள பல இடங்களில் கிடாக்கள் வசந்தத்திலிருந்தே ஒரு நிலப்பகுதியைச் சொந்தமாக்கிக்கொண்டு, இணைசேரும் பருவம் முடியும்வரை காவல் காக்கும். தரையை முகர்ந்து, காலால் கீறி, அங்கேயே சிறுநீரும் சாணமும் இடும். இந்தக் கீறல்களைத் தேடித்தான் பார்வையாளர்கள் நடக்கிறார்கள். ஆகஸ்டில் ஒரு மேட்டில் பார்த்த கிடாவைச் செப்டம்பரில் அதே மேட்டில் பார்க்க முடிவதற்கு இந்தக் குணமே காரணம்.

வறண்ட வருஷத்தில் தண்ணீர்க் குட்டைகளும் கால்நடைத் தொட்டிகளும் நம்பகமான இடங்கள். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அந்தக் குறிப்புகள் வீண். பச்சைத் தழையின் ஈரமே போதும் என்று விலங்குகள் பரந்துவிடும். வேலிகளையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு வேகமாக ஓடும் விலங்கு வேலியைத் தாண்டுவது அபூர்வம், அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்தே போகும். எனவே கடக்கும் இடங்கள் நிலையானவை; கம்பியில் சிக்கிய முடி அதற்குச் சாட்சி.

இத்தனையையும் தூரத்திலிருந்தே செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம் அந்தக் கண்ணும் கால்களும். பக்கவாட்டில் அமைந்த பெரிய கண்கள் ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதையும் பார்க்கின்றன. ஆபத்து தெரிந்தால் பின்புறத்து வெள்ளை முடி சிலிர்த்து மந்தை முழுக்க எச்சரிக்கை பரவும். ஓடினால் மணிக்கு சுமார் 88 கிலோமீட்டர். இன்றைய வட அமெரிக்காவில் இவ்வளவு வேகம் தேவைப்படும் அளவுக்கு எந்த வேட்டை விலங்கும் இல்லை. பனியுகத்தோடு அழிந்துபோன அமெரிக்கச் சிவிங்கிப்புலி (சீட்டா) போன்றவற்றிடமிருந்து தப்ப வளர்ந்த வேகம் இது என்பது, மொன்டானாவில் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் பையர்ஸின் வாதம்.

பையர்ஸ் கண்டறிந்த இன்னொன்று இங்கே முக்கியம். பெண் பிராங்ஹார்ன்கள் இணைசேரும் முன் பல கிடாக்களை மாறி மாறிப் போய்ப் பார்க்கின்றன. அவை தேர்ந்தெடுப்பது, போட்டிக் கிடாக்களை விரட்டித் தன் கூட்டத்தைக் காக்கும் திடமுள்ள கிடாவை. அப்படிப்பட்ட கிடாக்களுக்குப் பிறந்த குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. மனிதர் அங்குலத்தை எண்ணுகிறார், பெண் பிராங்ஹார்ன் திராணியைச் சோதிக்கிறது.

வேட்டைக்கு உரிமம் தரும் மாநில வனவிலங்குத் துறையும் ஆகஸ்டில் இதே வெளிகளில் கணக்கெடுக்கிறது. அவர்களுக்கு வேண்டியது கொம்பளவு அல்ல, நூறு பெண்களுக்கு எத்தனை கிடா, எத்தனை குட்டி என்ற விகிதம். உரிமங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய அது உதவுகிறது. 1920-கள் வாக்கில் சுமார் 30,000 ஆகக் குறைந்திருந்த இனம் மீண்டு வந்ததில் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022–23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் கடும் பனியும் ஒரு பாக்டீரிய நோயும் சேர்ந்து மந்தைகளைச் சிதைத்தபோது, உரிமங்களையும் வெகுவாகக் குறைக்க வேண்டியிருந்தது.

பருவம் தொடங்கி ஒருவர் தான் பார்த்து வைத்த கிடாவை வேட்டையாடிவிட்டாலும், கணிப்பு சரியா என்பது உடனே தெரியாது. சண்டையில் கிளையோ நுனியோ உடைந்திருக்கலாம். முழுசாக இருந்தாலும், ஈரம் வற்றும்போது கொம்பு சற்றுச் சுருங்கும். அதனால் 60 நாள் உலர்ந்த பிறகே அதிகாரபூர்வ அளவு எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் குறித்து வைத்த எண்ணோடு டேப் காட்டும் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.