தூக்கிவாரிப் போடும் அந்த நாற்பது மில்லி நொடி

கும்பகோணத்தில் விஸ்காம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேய்ப்பட விளம்பரங்கள் பற்றி பிராஜெக்ட் செய்கிறோம். இருட்டு, ரத்தச் சிவப்பில் தலைப்பு, பாதி முகம், 'உண்மைச் சம்பவம்' என்ற வரி, கடைசியில் டமாலென்று ஒரு சத்தம் என்று பட்டியல் போட்டுவிட்டோம். இதற்கு மேல் என்ன எழுதுவது?"

பட்டியல் சரிதான். ஆனால் நாலு டிரெய்லர் பார்த்த யாரும் அதைப் போட்டுவிடுவார்கள். இந்த ஐந்தில் எதை அளக்க முடியும், எது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால்தான் பிராஜெக்ட் நகரும். கடைசியாகச் சொன்னீர்களே, அந்த டமால், அதில்தான் சரக்கு இருக்கிறது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

பயத்தை விற்கும் தந்திரங்கள் பழையவை. வில்லியம் கேசில் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் 1958இல், தன் படத்தைப் பார்த்து யாராவது பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் தருவதாகக் காப்பீடு எடுத்து அதையே விளம்பரமாக்கினார். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். 1999இல் வெளியான 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' படத்தின் குழு இணையதளம் தொடங்கி, நடிகர்களைக் 'காணவில்லை' என்று நோட்டீஸ் ஒட்டியது. 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' டிரெய்லர், படத்தைக் காட்டிய அளவுக்கு, இருட்டில் அலறும் ரசிகர்களையும் படம்பிடித்துக் காட்டியது. நான்கிலும் சரக்கு ஒன்றே: "உனக்கு என்னவோ ஆகப்போகிறது" என்ற எதிர்பார்ப்பு. இது வெறும் வியாபார உத்தி இல்லை. உடம்பில் இதற்கு ஒரு கம்பி இணைப்பே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போஸ்டரில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூர், மாயவரம், மன்னார்குடி எங்கே போனாலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்கும். கறுப்பு விளிம்பு, நேராகப் பார்க்கும் முகம், பக்கத்தில் ஒரு விளக்கு. சாவைச் சொல்லும் காட்சி மொழி தெருவில் ஏற்கெனவே புழங்குகிறது, அதுவும் பயமில்லாமல். அதன் பக்கத்தில் ஒட்டப்படும் பேய்ப்பட போஸ்டர் எதை மாற்றிக்கொள்கிறது? முகம் நேராகப் பார்க்கிறதா, பாதி மறைந்திருக்கிறதா, கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா என்று இரண்டையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத அத்தியாயம் இது.

சிவப்புத் தலைப்பில் இரண்டு கோளாறு. வெயில்பட்டால் அச்சு மையில் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். நாளாக ஆக ரத்தம் சாம்பலாகிவிடும். இரண்டாவது கோளாறு கண்ணில். வெளிச்சம் குறையக் குறைய நம் பார்வை, நிறம் பார்க்கும் கூம்பு செல்களிலிருந்து மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி செல்களுக்கு மாறுகிறது. பகலில் நம் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், அதாவது மஞ்சள்-பச்சையில். இருட்டில் அது 507க்கு நகர்ந்துவிடும். நீளமான சிவப்பு அலைகள் குச்சி செல்களுக்கு ஏறக்குறையத் தெரியாது. பர்கின்யே விளைவு என்று பெயர். தெருவிளக்கில்லாத இடத்தில், அந்திக்கு மேல் கறுப்புப் பின்னணியில் இருக்கும் சிவப்பு எழுத்து கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடும். தலைப்பைச் சுற்றி மெல்லிய வெளிர்நீல விளிம்பு கொடுத்தால் தப்பிக்கலாம்.

சரி, இப்போது டமால்.

திடீர்ச் சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறதே, அது நீங்கள் எடுக்கும் முடிவு அல்ல. காதின் நரம்பிலிருந்து செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கே பான்ஸ் என்ற பகுதியில் பெரிய நரம்பணுக்களின் சிறு கூட்டம் இருக்கிறது. அதிலிருந்து நேராகத் தண்டுவடம், தசை. வழியில் இரண்டு மூன்று கைமாற்றம்தான். சிந்திக்கும் மேல்மூளைக்குத் தகவல் போய்ச்சேரும் முன்பே வேலை முடிந்துவிடும். எலியில் இந்தக் குறுக்குவழியை மைக்கேல் டேவிஸ் குழுவினர் 1982இல் தடம் பிடித்தார்கள். மனிதரில் முதலில் அசைவது கண் இமை. சத்தம் காதில் விழுந்து 30 முதல் 50 மில்லி நொடிக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். பிறகு கழுத்து, தோள், கை என்று அலை கீழே இறங்கும்.

இதைப் படத்தின் கணக்கில் வைத்துப் பாருங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லி நொடி. பேயின் முகமும் வெடிச் சத்தமும் ஒரே ஃப்ரேமில் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃப்ரேம் முடியும் நேரத்துக்கெல்லாம் உங்கள் இமை இறங்கத் தொடங்கிவிட்டது. "இது ஒரு முகம்" என்று மூளை அடையாளம் காணும் மின்குறி எழவே சுமார் 170 மில்லி நொடி ஆகும். அதாவது நான்கு ஃப்ரேம். ஆக, பேயைப் பார்த்துத் துள்ளியதாக நாம் நினைக்கிறோம்; உண்மையில் துள்ளி, கண்ணை மூடி, திறந்து, அதன் பிறகுதான் பேயையே பார்க்கிறோம். மேக்கப் கலைஞர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த அனிச்சைக்குச் சத்தத்தின் உயரம் மட்டும் போதாது. ஏறும் வேகம் வேண்டும். அதே உச்சத்துக்கு அரை நொடி எடுத்து மெல்ல ஏறினால் எரிச்சல் வரும், துள்ளல் வராது. சில மில்லி நொடிக்குள் ஏற வேண்டும். மாணவர் படங்களில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒலித்துண்டின் தொடக்கத்தில் 'க்ளிக்' வராமலிருக்க எடிட்டிங் மென்பொருள் தானாக ஒரு சின்ன ஃபேட் (சத்தத்தை மெல்ல ஏற்றுவது) போட்டிருக்கும். அது இரண்டு ஃப்ரேம் நீளமாக இருந்தால் வெடி நமுத்துப்போகும். பெரிதாக்கிப் பார்த்து, வெடித்துண்டுக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் சுவையானது. பெரிய சத்தத்துக்கு முன்னால், 30 முதல் 500 மில்லி நொடிக்குள், ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டால் துள்ளல் குறைந்துவிடும். 100 மில்லி நொடிப் பக்கம் வந்தால் பாதிப்பு அதிகம். முதல் சின்னச் சத்தத்தை அலசிக்கொண்டிருக்கும் மூளை, இரண்டாவதற்குக் கதவைக் கொஞ்சம் சாத்திவைக்கிறது. ஆகவே தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்து உடனே பேய் பாய்ந்தால், அந்த 'டக்' உங்கள் பேயைக் கொன்றுவிடும். தாழ்ப்பாளை ஒரு நொடியாவது முன்னால் தள்ளுங்கள்.

இதிலும் ஒரு விசித்திரம். அந்த முன்னறிவிப்பு சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; சத்தம் நின்றுபோவதும் முன்னறிவிப்புதான். தொடர்ந்து ஓடும் இரைச்சலில் சின்ன இடைவெளி விட்டு, உடனே வெடித்தால், அப்போதும் துள்ளல் குறைகிறது. விலங்குகளுக்குக் காதில் ரீங்காரம் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்துகின்றன. சில்வண்டுச் சத்தத்தைச் சட்டென்று வெட்டி 'மௌனம்' காட்டும் டிரெய்லர்களைக் கவனியுங்கள். கைதேர்ந்தவர்கள் வெட்டியபின் ஒரு நொடி, இரண்டு நொடி காத்திருப்பார்கள். அவசரப்பட்டு மூன்று ஃப்ரேம் முன்னால் வெட்டியவர்கள் தங்கள் வெடியைத் தாங்களே நனைத்துக்கொள்கிறார்கள்.

மௌனம் என்பதும் வெற்றுத் தடம் அல்ல. ஒலித்தடத்தில் சுத்த சுழியம் வைத்தால், பார்ப்பவர் போன் தொங்கிவிட்டது என்று நினைப்பார். எலிகளை வைத்து 1963இல் செய்த சோதனையில், முழு அமைதியைவிட மிதமான தொடர் இரைச்சலின்மேல் வந்த வெடிதான் அதிகம் துள்ளவைத்தது. அறையின் இயல்பான மெல்லிய ஒலியை ஓடவிடுங்கள்; அதை மாற்றாமல் ஓடவிடுவதுதான் முக்கியம்.

இனி அந்த எதிர்பார்ப்பு. பயத்தின் சூழலில் அதே சத்தம் அதிகம் துள்ளவைக்கும் என்று எலியில் 1951இலேயே காட்டிவிட்டார்கள். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியிலிருந்து பான்ஸிலுள்ள அந்த நரம்பணுக் கூட்டத்துக்கு ஓர் இணைப்பு போகிறது. ஆபத்தை எதிர்பார்க்கும்போது அது குறுக்குவழியின் 'வால்யூமை'க் கூட்டிவைக்கிறது. கேசிலின் காப்பீடும் ஹிட்ச்காக்கின் நிபந்தனையும் தியேட்டர் வாசலிலேயே திருகியது இந்த வால்யூமைத்தான். இருட்டும் இதைச் செய்கிறது. 1997இல் கிரில்லன் குழுவினர் இருட்டில் மனிதரின் துள்ளல் கூடுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு எலிகளில் வந்த முடிவு நேர் எதிர்: அவற்றுக்கு வெளிச்சம்தான் பயம். இரவில் வாழும் பிராணிக்குப் பட்டப்பகல்தான் பேய்ப்படம். இந்த ஒரு ஜோடி ஆய்வுக்காகவே, 'எலியை வைத்து என்ன ஆராய்ச்சி' என்று கேட்பவர்களோடு சண்டை போடலாம் என்று தோன்றும்.

சத்தத்தின் தன்மையும் கணக்கில் வரும். அலறலில் ஒலியின் உரப்பு நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்கும், அதனால்தான் கரகரப்பு. பேச்சில் இந்த வேக அதிர்வு அநேகமாக இல்லை. 2015இல் வெளிவந்த ஆய்வு, இந்தக் கரகரப்பு அமிக்டலாவைக் கூடுதலாகத் தூண்டுவதைக் காட்டியது. வயலின் கம்பியை அழுத்தி இழுப்பதும், உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறும வைப்பதும் இதே வகை. உறுமியை டிரெய்லரில் வைப்பவர்கள் தாளத்துக்காக வைக்கிறார்கள். தேய்ப்பு ஒலியைத் தனியாகப் பதிந்து வைத்துப் பாருங்கள்.

ஆழமான பேஸ் ஒலியை நம்பி ஏமாறாதீர்கள். 40 ஹெர்ட்ஸ் உறுமல் தியேட்டரில் நெஞ்சில் இறங்கும். போன் ஸ்பீக்கரில் வரவே வராது. காது அதிகம் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. வெடியில் அந்தப் பகுதியிலும் ஏதாவது இருக்க வேண்டும்: இரும்புக் கீறல், கண்ணாடி. அடுத்தது, எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றுவது. யூடியூப் சராசரி உரப்பை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) பக்கம் இறக்கிவிடும். உங்கள் டிரெய்லர் முழுக்க மைனஸ் 8இல் செங்கல் மாதிரி இருந்தால், யூடியூப் அதை 6 டெசிபல் இறக்கும். வெடியும் கூடவே இறங்கும். சுற்றுப்புறம் தாழ்ந்திருந்தால் வெடி மட்டும் தலைதூக்கும். முந்தைய நொடியைவிட 20 டெசிபல் மேலே என்றால், காற்றழுத்தத்தில் பத்து மடங்கு.

அளக்கும் முறை இது. ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, அலைவடிவத்தை டெசிபல் அளவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு வரி: எந்த நொடியில், அதற்கு முன் ஒலி மாறாமல் இருந்த நேரம் எவ்வளவு, ஏறும் நேரம் எத்தனை மில்லி நொடி, முந்தைய ஒரு நொடியோடு டெசிபல் வித்தியாசம், கடைசி அரை நொடியில் வேறு சத்தம் உண்டா, படம் எத்தனை ஃப்ரேம் முந்தியது அல்லது பிந்தியது, தலைப்பு வந்த பிறகா. கடைசிக் கட்டம் முக்கியம். திரும்பத் திரும்ப வெடித்தால் துள்ளல் குறையும் என்பதால், தலைப்பு விழுந்து 'அப்பாடா' என்று மூச்சு விடும்போது கடைசி வெடியை வைப்பது வழக்கம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் குறித்தால் அது அபிப்பிராயம்.

காதுக்கு வரும் சத்தத்தை அளக்க ஒலி அளவுமானி இல்லை என்று துறையில் சொல்வார்கள். லட்சக்கணக்கில் கேமரா வாங்கும் கல்லூரிகள் சில ஆயிரம் ரூபாய் அளவுமானியை வாங்காததற்கு, யாரும் கேட்டதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கேளுங்கள்.

'உண்மைச் சம்பவம்' என்ற வரியை ஆராயுங்கள், நீங்களே கையாளாதீர்கள். ஊரில் யாரோ செத்துப்போன வீட்டைப் 'பேய் வீடு' ஆக்கி ரீல்ஸ் போடுவதும், படப்பிடிப்பில் நிஜமாகவே ஆவி வந்தது என்று செய்தி கசியவிடுவதும் மரபுதான், ஆனால் விலை இருக்கிறது. பேய் பிடித்ததாகச் சொல்லிச் சங்கிலியில் கட்டப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீயில் கருகினார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்கிறது. 'காணவில்லை' போஸ்டர் யோசனையும் வேண்டாம். போலீஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது, சுவர்களை அலங்கோலப்படுத்தினால் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

நண்பர்களை வைத்துச் சோதிக்க விரும்பினால், நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் போனில் அவர்கள் கண்ணைப் படம்பிடியுங்கள். முதலில் சம்மதம் வாங்குங்கள். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வேண்டாம். சத்தத்தை அளவோடு வையுங்கள். புளூடூத் இயர்போன் கூடவே கூடாது. அது சத்தத்தையே 100, 200 மில்லி நொடி தாமதப்படுத்தும். வயர் உள்ளது போடுங்கள். ஒரு காதுக்குழாயைப் போனின் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தால் வெடித்த கணம் வீடியோவிலேயே பதியும். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடும் என்பதால் பக்கவாட்டில் ஒரு பேட்டரி விளக்கு. ஐப்பசி மழையில் வயலோரத்து ஹாஸ்டல் அறை என்றால் ஜன்னலைச் சாத்துங்கள். தவளைகள் விட்டுவிட்டுக் கத்துவது, மேலே சொன்ன 'டக்' வேலையைச் செய்துவிடும்.

பிறகு ஃப்ரேம்களை எண்ணுங்கள். வெடிக்குப் பின் 7 முதல் 12 ஃப்ரேமுக்குள் இமை இறங்கத் தொடங்கினால் அது அனிச்சை. 60 ஃப்ரேமுக்குப் பிறகு என்றால் சாதாரணக் கண்சிமிட்டல். வெடிக்கு முன்பே கண்ணை இறுக்கியிருந்தால், அவர் அந்த டிரெய்லரை ஏற்கெனவே பார்த்தவர், அல்லது உங்கள் மௌனம் நீண்டுபோய்க் காட்டிக்கொடுத்துவிட்டது. எது என்று அவரிடமே கேட்டுத் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.