மர்மப் பொட்டலத்துக்குள் இருக்கும் கணக்கு

2019 நவம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் நடந்த மேஜிக்ஃபெஸ்ட் என்னும் ஆட்டக்காரர் மாநாட்டில், மிஸ்டரி பூஸ்டர் என்ற அட்டைத் தொகுப்பை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சேகரிப்புச் சீட்டாட்டத்தில் 1993 முதல் வெளியான ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து பொறுக்கியெடுத்து மறுபதிப்புச் செய்த தொகுப்பு இது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் ஒரு பொட்டலத்தில் 15 அட்டைகள் இருக்கும். அவற்றில் 14 அட்டைகள் 1,694 வெவ்வேறு மறுபதிப்புகளிலிருந்து வருபவை. பதினைந்தாவது அட்டை, வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் ஆடிப்பார்க்கும் மாதிரி அட்டையைப் போல, பழைய அட்டையின் மேல் காகிதத்தை ஒட்டி எழுதியது போன்ற தோற்றத்தில் அச்சிடப்பட்ட விளையாட்டுத்தனமான அட்டை. இந்த வகை அட்டைகள் மொத்தம் 121. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை, மாநாட்டுக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஆடுவதற்காகச் சேர்க்கப்பட்டவை.

பொட்டலத்தின் பெயரில்தான் மர்மம் இருக்கிறதே தவிர, உள்ளே என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் முறையில் மர்மம் ஏதும் இல்லை. 1,694ஐ 14ஆல் வகுத்தால் மிச்சமின்றி 121 கிடைக்கும். மாதிரி அட்டைகளும் 121தான். இது தற்செயல் அன்று. அட்டைகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை, பெரிய தாளில் 11 வரிசை, 11 நிரல் என்று சேர்த்து அச்சிடப்பட்டு, பிறகு வெட்டப்படுகின்றன. ஓர் அட்டையின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர் என்பதால், ஓரங்களை விட்டுவிட்டாலும், ஒரு தாள் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் அகலமும் 97 சென்டிமீட்டர் நீளமும் கொண்டிருக்கும். மிஸ்டரி பூஸ்டரில் பொட்டலத்தின் 15 இடங்களுக்கும் 15 தனித்தனித் தாள்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு தாளிலும் 121 வெவ்வேறு அட்டைகள் இருக்கும், ஒவ்வொரு தாளிலிருந்தும் ஓர் அட்டை பொட்டலத்துக்குள் போகும். ஆகவே மொத்தம் 1,815 அட்டைகளில் எதை நினைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாலும், அது கிடைக்கும் வாய்ப்பு 121இல் ஒன்று.

இந்தச் சமநிலை வழக்கத்துக்கு மாறானது. அந்தக் காலகட்டத்தின் வழக்கமான பெரிய தொகுப்புகளில் 53 அரிய அட்டைகளும், அவற்றைவிட அரிதான 15 மிதிக் அட்டைகளும் ஒரே தாளில் அச்சாகும். அரிய அட்டை ஒவ்வொன்றும் தாளில் இரண்டு முறை வரும், மிதிக் ஒருமுறைதான் வரும். 53இன் இருமடங்கு 106, அதனுடன் 15ஐக் கூட்டினால் 121. எட்டுப் பொட்டலத்துக்கு ஒன்றில் மிதிக் கிடைக்கும் என்று ஆட்டக்காரர்கள் வாய்ப்பாடு போலச் சொல்வது இந்தத் தாளின் வடிவிலிருந்து பிறந்த கணக்குதான். அரிதாக இருப்பது என்பது தாளில் எத்தனை கட்டங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. 1993இன் ஆரம்பப் பதிப்புகளில் அரிய அட்டைகளுக்கான தாளின் சில கட்டங்களில், யாரும் தேடாத 'தீவு' என்ற அடிப்படை நில அட்டையே அச்சாகியிருந்தது. அரிய அட்டையை எதிர்பார்த்துப் பிரித்தவர் கையில் தீவு வந்து விழுந்ததற்கும் அந்தத் தாள்தான் காரணம். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

தாள்களைப் பிரித்த விதத்தில்தான் இந்தத் தொகுப்பின் உண்மையான நுட்பம் இருக்கிறது. ஆட்டத்தில் வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள் உண்டு. நிறத்துக்கு இரண்டு தாள் வீதம் பத்துத் தாள்கள், அரிதல்லாத எளிய அட்டைகளுக்கும் அவற்றுக்கு அடுத்த படியில் உள்ளவற்றுக்கும் போயின. பல நிறங்கள் கலந்த அட்டைகளுக்கு ஒரு தாளும், நிறமற்ற கருவிகளுக்கும் நிலங்களுக்குமாக ஒரு தாளும் ஒதுக்கப்பட்டன. 2014இல் அட்டைகளின் சட்டகம் மாறியது, அதற்கு முந்தைய அட்டைகளுக்கு ஒரு தாள், பிந்தைய அரிய அட்டைகளுக்கு ஒரு தாள், மாதிரி அட்டைகளுக்குக் கடைசித் தாள். இப்படிப் பிரிக்காமல், ஐந்து நிறமும் சமமாகக் கலந்த பெருங்குவியலிலிருந்து பத்து அட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும்? ஒரு குறிப்பிட்ட நிறம் அறவே வராமல் போகும் வாய்ப்பு ஐந்தில் நான்கின் பத்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 11 விழுக்காடு. ஏதேனும் ஒரு நிறமாவது விடுபட்டுப்போகும் வாய்ப்பைக் கணக்கிட்டால் அது 48 விழுக்காட்டை நெருங்கும். பாதிக்குப் பாதிப் பொட்டலங்கள் ஊனமாக வரும் என்று பொருள். முழுத் தற்செயல் பார்க்க நன்றாக இருக்காது என்பதைச் சீட்டுக் கலைத்துப் பழகிய எவரும் அறிவர். அதனால் பெயர்களைத் தற்செயலுக்கு விட்டுவிட்டு, வகைகளை மட்டும் வடிவமைப்பாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் விளைவை டிராஃப்ட் என்ற ஆட்டமுறையில் தெளிவாகக் காணலாம். குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் ஒரு வீட்டு மாடியில் எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பிடித்த ஓர் அட்டையை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார்கள். பொட்டலங்கள் தீர்ந்ததும் அடுத்ததைப் பிரிப்பார்கள். மூன்று சுற்று முடிந்ததும் ஆளுக்கு 45 அட்டைகள் சேரும், அவற்றிலிருந்து நிலங்களையும் சேர்த்து 40 அட்டைகள் கொண்ட கட்டு ஒன்றை அமைத்து ஆட வேண்டும். வழக்கமான தொகுப்பில் எளிய அட்டைகள் நூற்றுச் சொச்சம்தான் இருக்கும், பொட்டலத்துக்குப் பத்து எளிய அட்டைகள் வீதம் 24 பொட்டலங்களில் ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு முறைக்கு மேல் மேசையைச் சுற்றும். எனவே, 'இந்த அட்டை எப்படியும் இன்னொன்று வரும்' என்று நம்பிக் காத்திருக்கலாம். மிஸ்டரி பூஸ்டரில் 24 பொட்டலங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அட்டையின் சராசரி வருகை 121இல் 24, அதாவது ஐந்தில் ஒன்று. காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் எதிராளியின் உயிரியை அழிக்கும் கறுப்பு மந்திரம் ஏதாவது ஒன்று வரும், பறக்கும் நீல உயிரி ஏதாவது ஒன்று வரும் என்று வகையை நம்பலாம். பழைய அட்டைகளை மனப்பாடம் செய்தவருக்கும் ஆட்டத்தின் இலக்கணத்தை மட்டும் கற்றவருக்கும் இடையே உள்ள தூரத்தை இந்தப் பொட்டலம் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. என் பார்வையில் இதன் பெரிய சாதனை இதுதான்.

ஒரே அட்டை இருமுறை வராது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரே இடத்துக்குரிய அட்டைகளை மட்டும் பார்த்தால், 14 பொட்டலங்களைப் பிரிப்பதற்குள் ஏதேனும் இரண்டு ஒத்துப்போகும் வாய்ப்பு பாதியைத் தாண்டி 54 விழுக்காடு ஆகிவிடுகிறது. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று கணித ஆசிரியர்கள் சொல்லும் அதே கணக்குதான் இது. 24 பொட்டலங்களில் உள்ள 360 அட்டைகளில் சராசரியாக 328 வெவ்வேறானவை, மீதி 32 மறுமுறை வந்தவை.

சேகரிப்பவரின் கணக்கு இதைவிடக் கடுமையானது. விரும்பிய ஓர் அட்டை கிடைக்கப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் 84 பொட்டலங்கள் தேவை. 121 பொட்டலங்கள் வாங்கினால் நிச்சயம் கிடைத்துவிடும் என்று பலர் நினைப்பார்கள், உண்மையில் அப்போதும் 63 விழுக்காடுதான். ஒரு தாளின் 121 அட்டைகளையும் சேர்க்கச் சராசரியாக 650 பொட்டலங்கள், 15 தாள்களையும் முழுமையாக்க ஆயிரத்தை நெருங்கும் பொட்டலங்கள் ஆகும். முதல் நூறு அட்டைகள் எளிதில் சேர்ந்துவிடும், கடைசி அட்டை மட்டும் தனியாக 121 பொட்டலங்களைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது, கூடலூரைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் நுழைந்தால் அரசே அதை விற்கிறது. அட்டைப் பொட்டலத்தையும் லாட்டரி போன்ற சூதாகக் கருதுவதா என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறது. எல்லா அட்டைகளும் வேண்டும் என்பவர் பொட்டலத்தை விட்டுவிட்டுத் தனி அட்டைகளாக வாங்குவதே மேல் என்பது மட்டும் இந்தக் கணக்கிலிருந்து ஐயமின்றித் தெரிகிறது.

மறுபதிப்பை ஏன் மாநாட்டில் விற்க வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1995இல் குரோனிக்கிள்ஸ் என்ற மறுபதிப்புத் தொகுப்பு ஏராளமாக அச்சாகி, பழைய அட்டைகளின் விலை சரிந்ததால் சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பின் 1996இல், இனி ஒருபோதும் மறுபதிப்புச் செய்யமாட்டோம் என்று உறுதியளித்து அட்டைகளின் பட்டியல் ஒன்றை நிறுவனம் வெளியிட்டது. மறுபதிப்பு குறைந்தால் புதியவர்கள் அட்டை கிடைக்காமல் விலகுவார்கள், மிகுந்தால் பழையவர்கள் மனம் கசந்து விலகுவார்கள். 121இல் ஒன்று என்ற நீர்த்த அளவில், ஆட வந்த கூட்டத்தின் நடுவே முதலில் விடுவது இந்த இரண்டுக்கும் நடுவான வழி. மறுபதிப்பை மூல அட்டையிலிருந்து பிரித்தறிய, அதன் இடது கீழ் மூலையில் சிறு குறியீடு ஒன்றும் அச்சிடப்பட்டது. 2020இல் கடைகளுக்கென்று வந்த பதிப்பில் மாதிரி அட்டையின் இடத்தை, முகப்பில் மினுமினுக்கும் உலோகப்படலம் ஒட்டிய ஃபாயில் அட்டை பிடித்துக்கொண்டது.

ஃபாயில் என்றதும் ஈரம் மிகுந்த மலை ஊர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அது வளைந்துபோவதுதான். காகிதத்தின் நார்கள் ஈரத்தை உறிஞ்சி, முக்கியமாகக் குறுக்குவாட்டில், பருக்கின்றன. முகப்பில் ஒட்டியிருக்கும் உலோகப்படலம் பருப்பதில்லை. பின்பக்கம் விரிந்து முன்பக்கம் விரியாததால் அட்டையின் ஓரங்கள் முகப்பை நோக்கி எழும்பி, அட்டை கிண்ணம் போலக் குழிகிறது. தை மாதத்தில் உறைபனி விழும் வறண்ட நாட்களில், ஹீட்டர் போட்ட அறையில் அதுவே எதிர்ப்பக்கம் முதுகு வளைக்கும். ஊட்டி இந்து நகரில் இயங்கிப் பின்னர் மூடப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஒருபக்கம் மட்டும் ஜெலட்டின் பூசிய படச்சுருளும் ஈரத்துக்கேற்ப இப்படியே சுருளும், அதைத் தடுக்கப் பல படச்சுருள்களின் மறுபக்கத்திலும் ஜெலட்டின் பூசுவார்கள். அட்டைக்கு அப்படி மறுபூச்சு இல்லை. சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் டப்பா உதவும், ஆனால் அளவுக்கு மீறி உலர்த்தினால் எதிர்வளைவு வந்துவிடும்.

தொழிற்சாலையில் நடப்பதும் முழுத் தற்செயல் அன்று. வெட்டிய அட்டைகளை எந்திரம் அடுக்குகளிலிருந்து வரிசையாக எடுத்து வைப்பதால், தாளில் அருகருகே இருந்தவற்றின் தடம் பொட்டலங்களிலும் தங்கிவிட வாய்ப்பு உண்டு. சில பழைய தொகுப்புகளில் இந்த வரிசையைக் கூர்ந்து கவனித்து, அடுத்து வரப்போவதை ஊகித்தவர்களும் இருந்தார்கள். மேலே சொன்ன விழுக்காடுகள் யாவும் ஒவ்வொரு தாளும் நன்றாகக் கலைக்கப்பட்டது என்ற அனுமானத்தில் போட்டவை.

மாநாடு எட்டாத தொலைவில் இருக்கும் மலை ஊர்களில் இந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கையிருப்பில் உள்ள பழைய அட்டைகளை மேலே சொன்ன வகைகளில் 15 குவியல்களாக, குவியலுக்கு 121 வெவ்வேறு அட்டைகளாகப் பிரித்து, குவியலுக்கு ஒன்று வீதம் எடுத்து அடுக்கினால் போதும். மாதிரி அட்டைகளின் இடத்துக்குப் பிள்ளைகள் காகிதத்தில் எழுதி ஒட்டியவை போதுமானவை. எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் ஒரு மேசையில் ஒரே அட்டை இருமுறை வரவே வராது. ஒரு டிராஃப்டுக்குக் குவியலில் 24 அட்டைகள் செலவாகும் என்பதால் ஐந்து டிராஃப்டுகள் ஆடலாம், ஆறாவதுக்கு முன் எல்லாவற்றையும் சேர்த்துக் கலைக்க வேண்டும். இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கலைக்கும் முறையில் 52 சீட்டுகளுக்கு ஏழு முறை போதும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் நிறுவினார்கள். அதே முறையில் 121 அட்டைகள் கொண்ட குவியலுக்கு ஏறத்தாழ ஒன்பது முறை தேவைப்படும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இந்த வேலையை ஆடியிலும், குன்னூர்க்காரர்கள் ஐப்பசியிலும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஈரத்தில் பருத்த அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகவே நகரும், ஒன்பது முறை கலைத்தாலும் பழைய வரிசை பாதி அப்படியே இருக்கும்.