இரத்தம் கண்ட பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி இது நான்காவது அழைப்பு. மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் கடந்து, வரப்போரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காளையின் உறைவிந்து வைத்த நைட்ரஜன் கொள்கலனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், பசு நிம்மதியாக அசைபோட்டபடி படுத்திருக்கிறது. வாலில் காய்ந்த இரத்தம். "இன்றைக்குத்தான் டொக்டர், இரத்தம் கண்டது. உடனே ஊசியைப் போடுங்கள்" என்கிறார் பெரியவர். ஊசி என்று அவர் சொல்வது சினைக்காக விந்து செலுத்துவதை.

ஊசி போடவில்லை என்றதும் அவர் மகனுக்குக் கோபம். கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். வெளிநாட்டில் போட்டிக் குதிரையின் கருவை எடுத்து வேறொரு குதிரையின் வயிற்றில் வைக்கிறார்கள். இங்கே ஓர் ஊசிக்கே இவ்வளவு பேச்சா என்று கேட்டார்.

தம்பி, அந்தக் குதிரைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உறைவிந்து செலுத்தும் நாளில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஸ்கான் பண்ணி, முட்டை எப்போது வெளியேறுகிறது என்று இரவிலும் காத்திருக்கிறார்கள். கருவை வாங்கப்போகும் குதிரையின் சுழற்சியும் கொடுக்கும் குதிரையோடு பொருந்த வேண்டும். 2016இல் ஆர்ஜென்டினாவில் குளோனிங் முறையில் பிறந்த, ஒரே குதிரையின் ஆறு நகல்களில் மாறி மாறி ஏறி ஒரு போலோ வீரர் இறுதிப் போட்டியை வென்றார். அவ்வளவு தூரம் போன அங்கேயும் நேரம் தவறினால் கரு இல்லை.

இனி அந்த இரத்தம். பெண்களின் மாதவிலக்குப் போல நினைத்து, இதுதான் வேட்கையின், அதாவது பசு சினைக்குத் தயாராகும் பருவத்தின், அடையாளம் என்கிறார்கள். இல்லை. இல்லவே இல்லை. வேட்கை முடிந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் கருப்பைச் சுவரிலிருந்து கசிவது அது. சில பசுக்களில் வரும், சிலவற்றில் வராது; இன்னும் கன்று ஈனாத நாகுகளில் அடிக்கடி காணலாம். சினை பிடித்தது என்றும் அதற்குப் பொருளில்லை, பிடிக்கவில்லை என்றும் பொருளில்லை. பஸ் போய்விட்டது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. முட்டை வெளியேறிச் சில மணித்தியாலங்களே உயிர்ப்போடு இருக்கும். அதற்குப் பிறகு போடும் ஊசி பலிக்காது. பழி மட்டும் விந்தின் மேல் விழும்.

(எங்கள் பக்கத்திலும் பிழை வராமல் இல்லை. நைட்ரஜன் குறைந்த கொள்கலனும், அவசரத்தில் சரியாக உருக்காத உறைவிந்துக் குழலும் சினை பிடிப்பதைக் கெடுக்கும். கேளுங்கள், கோபிக்க மாட்டேன்.)

வேட்கை வந்தால் கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும்; பசு கத்தும்; தீனி குறையும்; மற்ற மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கும். அந்த நிற்றல்தான் உண்மையான அடையாளம். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. வெக்கைக் காலத்தில் இரவிலும் விடியலிலும்தான் அதிகம் தெரியும். மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் காணவில்லை" என்று சொல்லாதீர்கள். பட்டியில் நாம்பன் (காளை) நின்றால் அதுவே பார்த்துக்கொள்ளும்; வீட்டில் கட்டிய ஒற்றைப் பசுவுக்கு உங்கள் கண்தான். எருமை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், அதன் வேட்கை பெரும்பாலும் ஊமை, வெளியே தெரியாது.

இரத்தம் கண்டால் நாட்காட்டியில் குறியுங்கள். 16ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் பாருங்கள். 19ஐ ஒட்டி வேட்கை மறுபடி வரும். பெரியவரின் கொட்டில் கம்பத்தில் நானே கரியால் திகதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நின்றாலும் எனக்குச் சொல்லுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.