டெல்லி வண்டி, பெங்களூரு செலவு

போன மார்ச்சில் பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு தம்பி வந்தார். சொந்த ஊர் தருமபுரி, வேலை ஒயிட்ஃபீல்டில். டெல்லியில் வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஜெர்மன் டீசல் எஸ்யூவி. 9 வருட வண்டி, மீட்டரில் 82,000 கிலோமீட்டர். புதிதில் 70 லட்சத்துக்கு மேல் விற்றது, இவருக்கு 14 லட்சத்துக்குக் கிடைத்திருக்கிறது.

"அண்ணா, ஒரு ஆயில் சர்வீஸ் மட்டும் போட்டுக் குடுங்க போதும்" என்றார்.

வண்டியைச் சுற்றி வந்தேன். முன்பக்க இடது மூலை மட்டும் லேசாகக் குனிந்து நின்றது, ஒரு கால் செருப்பு அறுந்தவன் நிற்பதுபோல. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழாவது வருடம் வரை ஒழுங்காக முத்திரை இருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுப் பக்கம்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்று கேட்டால் எல்லோரும் சட்டத்தைச் சொல்வார்கள். சரிதான். 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஜூலையில் பழைய வண்டிக்கு பெட்ரோல் பங்கில் எரிபொருள் கிடையாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. விதி இப்படி ஏறி இறங்கட்டும். ஓனர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பத்தாவது வருடம் இந்த வண்டி கையை விட்டுப் போகும் என்று தெரிந்தால், எட்டாவது வருடம் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற யாருக்கு மனசு வரும்? அவர் போடாமல் விட்ட செலவெல்லாம் வண்டியோடு சேர்ந்து லாரி ஏறுகிறது. விலையில் குறைத்தது போலத் தெரிவது பாதி அதுதான்.

அந்தக் குனிந்த மூலைக்கு வருகிறேன். இந்த வகை வண்டிகள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். ஏழெட்டு வருடத்தில் அந்த ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணியை பிரஷ்ஷில் தொட்டு மடிப்பில் தடவினேன். பொடிப்பொடியாக நுரை எழும்பியது, தோசைக்கல்லில் மாவு பொங்குவதுபோல. கசிவு சின்னதுதான். ஆனால் காற்று குறையக் குறைய கம்ப்ரஸர் ஓடி நிரப்பிக்கொண்டே இருக்கும். அது அப்படி விடாமல் ஓடுவதற்குச் செய்ததில்லை. ஒரு நாள் அதை ஆன், ஆஃப் செய்யும் ரிலே ஒட்டிக்கொள்ளும், மோட்டார் கருகும். பையோடு போக வேண்டியது கம்ப்ரஸரையும் இழுத்துக்கொண்டு போகும். இவருக்கு அதுதான் நடந்திருந்தது. முன்பக்கம் இரண்டு பை 1,10,000, கம்ப்ரஸர் 70,000.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், தையல்காரர் டேப் போதும். ராத்திரி சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் விரல் கனம் இறங்கியிருந்தால் பேரத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்தது கியர்பாக்ஸ். "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று விற்கிறவர் சொல்வார். யாருடைய லைஃப் என்று கேளுங்கள். பல சொகுசு வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. அவர்களுடைய எட்டு கியர் பெட்டியில் ஃபில்டர் பிளாஸ்டிக் தொட்டியோடு ஒன்றாகவே வருகிறது, அதனால் ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே மாற்ற வேண்டும். 42,000 ரூபாய் பில்லைப் பார்த்துத் தம்பி முகம் சுளித்தார். கியர்பாக்ஸைப் பிரித்தால் என்ன ஆகும் என்று சொன்னதும் சுளிப்பு போய்விட்டது.

மூன்றாவது விஷயம் முழுக்க நம்ம ஊர்க் கதை. சன்ரூஃபின் ஓரத்தில் விழும் மழைத் தண்ணி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய் வழியாகக் கீழே வடியும். இங்கே பிப்ரவரி, மார்ச்சில் டபெபுயா பூத்துத் தெருவே ரோஸ் நிறமாகிவிடும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அந்த மரத்தடியில்தான் இவரும் வண்டியை நிறுத்தினார். இதழ்கள் நனைந்து குழாய் வாயில் கூழாக அடைத்துக்கொண்டன. மே மாத மழையில் தண்ணி கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி கார்பெட்டுக்கு அடியில் தேங்கியது. வண்டியை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளை வைக்க இந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கிடைத்த இடமும் அதே கார்பெட்டின் அடிதான். ஒரு பெட்டி, அதை வண்டிக்குப் பொருத்தும் சாஃப்ட்வேர் வேலையோடு சேர்த்து 85,000. தடுக்கத் தேவைப்பட்டது குழாயில் விட்டு அடைப்பெடுக்க ஒரு நைலான் நரம்பு, அஞ்சு நிமிடம்.

அதனால் கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற சொகுசு வண்டிகளை டிவியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் பார்த்த வண்டி கழுவித் துடைத்துச் சந்தைக்கு வருவது புதிதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே ஒளிந்திருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்கள் இந்த வயதில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். குழாயும் தெர்மோஸ்டாட்டும் 38,000 ஆனது. கண்டுகொள்ளாமல் சூடாக ஓட்டினால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளையும், அப்புறம் கணக்கே வேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு வித்தியாசத்தில், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும், அதனால் நான்கும் மாற்றினோம், 1,20,000. ஆக, முதல் வருடத்தில் மட்டும் 4,65,000. பிரேக்கும் டீசலும் இதில் சேரவில்லை.

காகிதச் செலவு தனி. வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரி, வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதை வைத்து, வயதுக்குத் தக்கபடி குறைத்துப் போடுவது. நீங்கள் கொடுத்த 14 லட்சத்துக்கு அல்ல. இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் எழுதிய வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடித்துவிடுவார்கள். வண்டி மதிப்பு வருடா வருடம் இறங்குகிறது, ஹெட்லைட் விலை இறங்குவதில்லை. சுமாரான ஒரு மோதலே போதும்.

இவ்வளவு சொன்னாலும் வாங்காதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. தம்பியின் வண்டி இப்போது பிரமாதமாக ஓடுகிறது, ஓசூர் ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் ஏன் ஆசைப்பட்டார் என்று புரியும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்பேன். அப்புறம், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்57, ஆடியின் 3.0 டிடிஐ போன்ற டீசல் எஞ்சின்களில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் தளர்ந்திருந்தால் காலை முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி சங்கிலி குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். சூடான பிறகு எங்கே போனதென்றே தெரியாது.

போன வாரம் இந்திராநகரில் ஒரு வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காலை 7 மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்கிறவரிடம் சொல்லச் சொன்னேன். 6.45-க்கு வாங்குகிறவரிடமிருந்து போன். "அண்ணா, அவர் வண்டியை வார்ம் பண்ணி ரெடியா வெச்சிருக்காராம், எங்க வந்துட்டிருக்கீங்க?"

பைக்கைத் திருப்பிக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டேன்.