பில்லோடு போகமுன் மீற்றரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். "கரண்ட் பில் கூடிப்போச்சு, எங்கேயோ லீக் போல, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அடிக்கடி கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் வயரில் ஒரு குறையும் இருக்காது. பிழை பில்லில்தான் இருக்கும்.

கோண்டாவிலில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. மாதம் 50 அலகுக்குள் பாவிப்பவர். அவருக்கு 589 அலகுக்குப் பில் வந்துவிட்டது. இரண்டு தரம் பஸ் ஏறி மின்சார அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். முதல் நாள், "பாவிச்சதுக்குத்தானே அம்மா பில் வரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற நாள் அதற்குரியவர் லீவு. "தம்பி, ஒரு லைற்றும் ஒரு ஃபானும்தானே நான் போடுறன்" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது.

பில்லை வாங்கிப் பார்த்தேன். முந்திய வாசிப்பு 18342, இந்த மாத வாசிப்பு 18931. மீற்றர் விறாந்தைச் சுவரில் உயரத்தில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தால் 18403! பில் வந்து ஒரு கிழமையாகியும், பில்லில் எழுதிய எண்ணை மீற்றர் இன்னும் எட்டவேயில்லை. மீற்றர் வாசிக்க வந்தவர் 18391 என்பதை 18931 என்று மாறிப் பதிந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த மாதப் பாவனை வெறும் 49 அலகு.

அன்றைய பேப்பரை மீற்றருக்குப் பக்கத்தில் பிடித்து, திகதி தெரியப் படம் எடுத்தோம். கணக்கிலக்கம், பில்லில் உள்ள இரண்டு வாசிப்புகள், இன்றைய வாசிப்பு எல்லாவற்றையும் எழுதி, மீற்றரைத் திரும்ப வாசித்துப் பில்லைத் திருத்தித் தரும்படியும், அதுவரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்றும் ஒரு கடிதம். தமிழில்தான் எழுதினோம். வடக்கில் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை, யாரும் செய்யும் உதவி இல்லை. கடிதத்தின் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கினோம். சும்மா வாயால் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த முறை போகும்போது நீங்கள் வந்து போனதற்கே அத்தாட்சி இருக்காது. இரண்டு கிழமையில் திருத்திய பில் வந்தது.

எல்லாப் பிழையும் இப்படி வெளிப்படையாகத் தெரியாது. சில பழைய மீற்றர்களில் கடைசி இலக்கம் சிவப்பு நிறத்தில் இருக்கும். அது தசமம். அதையும் சேர்த்து வாசித்தால் கணக்குப் பத்து மடங்காகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் வேறு பிரச்சினை. கேற் பூட்டிக் கிடந்தால் உத்தேசமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு ஒருநாள் உண்மையான வாசிப்பை எடுக்கும்போது, விடுபட்ட அலகுகள் எல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். 30 நாளுக்கு 60 அலகைத் தாண்டினாலே முதல் அலகிலிருந்து விலை வேறு. அதனால் எத்தனை நாளுக்கான வாசிப்பு என்று கேட்டு, அந்த நாட்களுக்குப் பிரித்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

லீக் என்று சந்தேகம் இருந்தால் மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். தட்டுச் சுற்றினாலோ, சிவப்பு லைற் விட்டு விட்டு மின்னினாலோ, மீற்றரைச் சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மெயினை நிற்பாட்டியதும் அதுவும் நின்று, எல்லாப் பொருளையும் கழற்றிவிட்டு மெயினைப் போட்ட பிறகு திரும்ப ஓடினால், பிழை வீட்டு வயரிங்கில். எங்கள் பக்கத்தில் அநேகமாகக் கிணற்று மோட்டருக்குப் போகும் வயர்தான்.

சர்ச்சை தீரும்வரை பில்லை அப்படியே போட்டு வைக்காதீர்கள். வழக்கமாக வரும் தொகையைக் கட்டி ரசீதை வைத்திருங்கள். இணைப்பைத் துண்டிக்கப் போவதாகச் சிவப்பு நோட்டீஸ் வந்தால் அந்த ரசீது கைகொடுக்கும். ஃபோனில் கதைத்தால், கதைத்தவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் பில்லின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தும் அசையவில்லையா, முத்திரை குத்திய பிரதியோடு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது. மின் பாவனையாளரின் பிணக்கைப் பார்ப்பது அதன் வேலை.