கார்டில் அச்சிட்ட வேகமும் கேமராவுக்குக் கிடைக்கும் வேகமும்

மெமரி கார்டின் முகப்பில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று கொள்ளளவு: 64 ஜிபி, 128 ஜிபி என்று. இன்னொன்று வேகம்: நொடிக்கு 170 எம்பி, 200 எம்பி என்று. இந்த இரண்டாவது எண் பெரும்பாலும் கார்டிலிருந்து படிக்கும் வேகத்தைச் சொல்வது. படம் எடுப்பவருக்கு வேண்டியதோ எழுதும் வேகம். அதிலும் உச்ச வேகம் அல்ல, எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதினாலும் அதற்குக் கீழே இறங்காது என்று உறுதி சொல்லும் வேகம். அந்த எண்ணும் அதே கார்டில்தான் இருக்கிறது, ஒரு மூலையில் பொடி எழுத்தில்.

படிப்பது வேகமாகவும் எழுதுவது மெதுவாகவும் நடப்பதற்குக் காரணம் கார்டுக்குள் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய சகாக்களும் 1987இல் உலகுக்கு அறிவித்த வடிவமைப்பு அது. அதில் உள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். சாதாரண டிரான்சிஸ்டரில் இல்லாத ஒன்று இதில் உண்டு: எலெக்ட்ரான்களை அடைத்துவைக்க ஒரு மெல்லிய படலம், அதைச் சுற்றி மின்காப்பு. சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் அந்தக் காப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் இந்த ஊடுருவல் இல்லாவிட்டால் மெமரி கார்டு என்ற பொருளே இல்லை. மின்சாரம் நின்ற பிறகும் எலெக்ட்ரான்கள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். கேமராவை அணைத்தாலும் படம் அழியாமல் இருப்பது இதனால்தான்.

ஒரு செல்லில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் அதில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, அடங்கும். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை ஒரு செல்லில் மூன்று பிட்டுகளை அடைக்கின்றன. அதற்கு எட்டு வெவ்வேறு மின்னூட்ட அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு அளவுகள். ஒரு டம்ளர் நிறைந்திருக்கிறதா காலியா என்பது பார்த்தவுடன் தெரியும். அதே டம்ளரில் பதினாறு கோடுகள் போட்டு, சரியாக ஒன்பதாவது கோட்டில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்ற வேண்டும். கார்டும் அதைத்தான் செய்கிறது. சிறு சிறு துடிப்புகளாக மின்னழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அளந்து பார்த்து, போதாவிட்டால் இன்னொன்று கொடுக்கிறது. படிப்பதற்கு அளந்து பார்த்தால் போதும். எழுதுவதற்கு ஊற்றவும் வேண்டும், அளக்கவும் வேண்டும்.

இன்னொரு தடங்கலும் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாகத் திரும்ப எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ பல மெகாபைட் அளவுள்ள பெரிய தொகுதிகளாகத்தான் நடக்கும். ஒரு தொகுதியில் பாதி தேவை, பாதி தேவையில்லை என்றால், தேவையானதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மொத்தத்தையும் அழிக்க வேண்டும். கார்டுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் என்ற சிறு கணினி இந்த வேலையை ஓசையில்லாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரே இடம் தேய்ந்துபோகாமல் எழுத்துகளைப் பரவலாக்குவதும், கெட்டுப்போன தொகுதிகளை ஒதுக்கிவைப்பதும், பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துவதும் அதன் வேலைதான். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு கார்டுகளின் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால், அதில் ஒரு பங்கு இந்தக் கண்ட்ரோலருக்கானது.

இப்போது மூலையில் இருக்கும் பொடி எழுத்துக்கு வருவோம். எஸ்டி கார்டில் வி30, வி60, வி90 என்று எழுதியிருந்தால், வரையறுத்த நிபந்தனைகளில் நொடிக்கு முறையே 30, 60, 90 எம்பிக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்று பொருள். ஆங்கில யூ எழுத்துக்குள் 3 இருந்தால் 30 எம்பி, 1 இருந்தால் 10 எம்பி. பழைய கார்டுகளில் வட்டத்துக்குள் இருக்கும் 10 என்ற எண்ணும் அதே 10 எம்பிதான். ஏ1, ஏ2 என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை இயக்குவதற்கானவை. கேமராவுக்கு அவற்றால் பயனில்லை. அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இவற்றோடு ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு இருக்கும். அது கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் பாதையின் அகலம். யூஎச்எஸ் ஒன்று என்ற பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 104 எம்பி போகும். இரண்டில் 312 எம்பி வரை போகும். இந்த இரண்டாம் வகைக் கார்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டாவது வரிசையாக உலோகத் தொடுமுனைகள் தெரியும். 104தான் உச்சம் என்றால் அந்தப் பாதையையே பயன்படுத்தும் கார்டில் 200 என்று எப்படி அச்சிடுகிறார்கள்? தரநிலைக்கு வெளியே, தங்கள் சொந்த முறையில், அதற்கென்றே செய்த கார்டு ரீடரோடு சேர்த்து அளந்த வேகம் அது. கேமராவுக்குள் அது கிடைக்காது. அதேபோல, இரண்டாவது வரிசை உள்ள கார்டை அந்த வரிசையைத் தொடாத பழைய கேமராவில் போட்டால், அது முதல் பாதையில்தான் ஓடும். கார்டு வாங்கும் முன் கேமராவின் கையேட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது பெரிய செலவைத் தடுக்கும்.

எவ்வளவு வேகம் போதும் என்பது நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில், ஒரு பிக்சலுக்கு 14 பிட் வீதம் ஒரு ரா படத்தின் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) தரவு 42 எம்பி. தரம் குறையாமல் சுருக்கிய பிறகு தோராயமாக 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். நிலக்காட்சியோ உருவப்படமோ எடுப்பவர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில நொடிகளாவது விடுவார். அவருக்கு வி30 கார்டு தாராளம். பறக்கும் பறவையை நொடிக்கு 20 படம் வீதம் எடுப்பவருக்கோ நொடிக்கு 600 எம்பி தரவு குவிகிறது. மேலே சொன்ன இரண்டு பாதைகளில் ஓடும் எந்த எஸ்டி கார்டும் அதை அந்த வேகத்தில் விழுங்காது. அதனால் கேமரா முதலில் தன் உள் நினைவகமான பஃபரில் குவித்துக்கொண்டு, அங்கிருந்து கார்டுக்குத் தள்ளுகிறது. பஃபர் 2 ஜிபி, கார்டு நொடிக்கு 90 எம்பி எழுதும் என்றால், நான்கு நொடிகளில் பஃபர் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பஃபரில் எவ்வளவு இடம் காலியாகிறதோ அவ்வளவுதான்: நொடிக்கு மூன்று படம். பறவை மீனைக் கவ்வும் நொடி ஐந்தாவதாக இருந்தால் போயிற்று. சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டுகள் பிறந்தது இந்தத் தேவைக்காகத்தான். கணினியின் எஸ்எஸ்டி (இதே ஃபிளாஷ் நினைவகத்தால் ஆன சேமிப்பு வட்டு) பயன்படுத்தும் அதே இணைப்பு முறையில் அவை இயங்குகின்றன, 2.0 தரநிலையில் ஏ வகை நொடிக்கு 1,000 எம்பி, பி வகை 2,000 எம்பி வரை போகலாம். இரண்டின் வடிவமும் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

வீடியோவில் குழப்பம் வேறு இடத்தில் வருகிறது. கேமரா சொல்வது மெகாபிட், கார்டு சொல்வது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும். நொடிக்கு 400 மெகாபிட் வீடியோ என்றால் 50 எம்பி. அதற்கு வி60 வேண்டும். 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி, வி30 போதும். அதற்கு மேல் வாங்கினால் பதிவின் தரம் துளிகூட உயராது. வேகமான கார்டு படத்தை அழகாக்குவதில்லை, படம் விடுபடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் 59.6 என்று காட்டும். தயாரிப்பாளர் ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் எண்ணுகிறது. எதுவும் காணாமல் போகவில்லை. ஒரே பெரிய கார்டா, பல சிறிய கார்டுகளா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. என் முடிவு: கேமராவில் இரண்டு கார்டு இடங்கள் இருந்தால், நடுத்தரக் கொள்ளளவுள்ள இரண்டு கார்டுகளைப் போட்டு, ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிகளுக்கு இதைவிட நல்ல காப்பு இல்லை. ஒரே இடம்தான் என்றால், ஒரு நாள் முழுவதற்கும் போதுமான ஒரு கார்டே மேல். அடிக்கடி மாற்றும்போதுதான் கார்டு கீழே விழுகிறது, தொலைகிறது.

போலிக் கார்டுகளைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. உள்ளே 8 ஜிபி சில்லை வைத்து, கண்ட்ரோலரை மட்டும் 128 ஜிபி என்று பொய் சொல்லவைப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். பிறகு எழுதுவதெல்லாம் எங்கும் தங்காது, அல்லது பழைய படங்களின் மேலேயே விழும். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் படம் இருக்காது. எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். புதிய கார்டை முதல் படம் எடுக்கும் முன்பே இப்படிச் சோதித்துவிடுங்கள். சில மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

நல்ல கார்டிலும் படங்கள் காணாமல் போவதுண்டு. கேமரா எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவினால், படத் தரவு உள்ளே போயிருந்தும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை சிதைந்துவிடலாம். வழக்கமான ஃபார்மேட்டும் பெரும்பாலும் அந்த அட்டவணையைத்தான் துடைக்கிறது. ஆகவே தவறி அழித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஜேபெக் கோப்பு எப்போதும் குறிப்பிட்ட பைட்டுகளில் தொடங்கும். ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைப் பொருட்படுத்தாமல், கார்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து அந்தத் தொடக்கங்களைத் தேடிப் பிடிக்கின்றன. மேலே வேறு தரவு எழுதப்படாதவரை வாய்ப்பு அதிகம்.

கார்டு, படங்களைப் பல ஆண்டுகள் வைத்திருப்பதற்கான இடமல்ல. அடைபட்ட எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் மின்காப்புப் படலம் கொஞ்சம் சேதமாவதால், பழைய கார்டில் கசிவு இன்னும் விரைவு. இதே நினைவகம் உள்ள நுகர்வோர் எஸ்எஸ்டிகளுக்கு, மின்னணுச் சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி, எழுதும் ஆயுள் தீர்ந்த வட்டு மின்சாரமில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்கிறது. புதிய வட்டு இதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல அது.

கையடக்கச் சேமிப்பில் ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? பயணத்தில் எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. ஓடும்போது விழுந்தால் தட்டில் கீறல் விழலாம். ஓரிடத்தில் நிலையாக வைத்து நிறையப் படங்களைச் சேர்ப்பதற்கு, அதே பணத்தில் அதிக இடம் தரும் ஹார்டு டிஸ்க்கே பொருத்தம். நகலெடுக்கும் வேகத்துக்காக மட்டும் விலையுயர்ந்த எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எஸ்டி நொடிக்கு 1,000 எம்பி எழுதலாம். உங்கள் கார்டிலிருந்து 90 எம்பிதான் வருகிறது என்றால், 128 ஜிபிக்கு எப்படியும் 24 நிமிடம் ஆகும். கைபேசி சார்ஜருடன் வந்த கேபிளால் இணைத்தால் இன்னும் மோசம். அவற்றில் பல, நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கே செய்யப்பட்டவை. நடைமுறையில் 40 எம்பி கிடைத்தால் அதிகம். கார்டு ரீடரும் கேபிளும்தான் பல நேரம் உண்மையான தடை, அவற்றை மாற்ற ஆகும் செலவும் குறைவு.

எத்தனை நகல்கள் என்பதற்கு ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி இன்றும் செல்லும்: மூன்று நகல்கள், இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். பயணத்தின் நடுவே இது முழுதாகக் கைகூடாது. அன்றன்று இரவு எஸ்எஸ்டியில் ஒரு நகல் எடுத்து, கார்டையும் அழிக்காமல் தனிப் பையில் வைத்தால் இரண்டாவது கிடைத்துவிடும். நகல் முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்க்கும் மென்பொருள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மூன்றாவது நகலும் வேறிடம் சேர்ந்த பிறகு, கணினியில் அல்ல, கேமராவுக்குள்ளேயே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.